வலி போயிற்று, காயம் போயிற்றா?

சென்ற வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூட மணி அடித்துப் பையன்களெல்லாம் கலைந்த பிறகு, பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனும் அவனுடைய தகப்பனாரும் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார்கள். பையன் நீளம் தாண்டுவதில் சூரன். எங்கள் மணற்குழி இவனுக்குப் போதாது, இன்னும் நான்கு முழம் வெட்ட வேண்டும் என்று எங்கள் தேகப் பயிற்சி ஆசிரியர் சொல்லிக்கொண்டேயிருப்பார். அப்படிப்பட்டவன் அன்று நொண்டிக்கொண்டு வந்தான். இரண்டு மாத காலமாக வலது குதிகாலுக்குச் சற்று மேலே நோவு. காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது உயிர் போகிறதாம். ஜில்லாப் போட்டிக்கோ இன்னும் ஒன்பதே நாள்தான் இருந்தது.

தகப்பனார் மளிகைக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர்; அதிகம் பேசாதவர். அன்று மட்டும் மனப்பாடம் செய்து வந்தவர் போல் பேசினார்.

"ஸார், ஏதோ ஓர் ஊசி இருக்கிறதாமே! போட்ட இரண்டு மூன்று நாளில் வலி பறந்துவிடுமாம். தாங்கள்கூடக் கையில் போட்டுக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். எந்த டாக்டர், எவ்வளவு ஆகும் என்று சொல்லிவிட்டால் போதும். இந்தப் போட்டியில் ஜெயித்தால், காலேஜில் விளையாட்டு வீரர்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் இடம் இவனுக்குக் கிடைக்க வழியுண்டு. என் சம்பளத்தில் வேறு வழி தெரியவில்லை."

பையன் ஒன்றும் பேசவில்லை. இடது காலில் பாரத்தைத் தாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம், அது சுலபம். ஆனால் அந்த ஊசியோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அதை முதலில் சொல்லாமல் அவர்களை அனுப்ப மனம் வரவில்லை. "உட்காருங்கள்" என்றேன்.

எனக்கு வயது நாற்பத்தாறு. காலையில் கரும்பலகையில் எழுதுவதும் மாலையில் பூப்பந்து ஆடுவதுமாக என் வலது கை இருபது வருஷத்துக்கு மேல் உழைத்து வந்திருக்கிறது. (பூப்பந்து என்றதும் இறகுப் பந்து என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்துக்கொண்டு பக்கத்துக்கு ஐந்து பேராக நின்று ஆடும் நம் தஞ்சாவூர் ஆட்டத்தையே சொல்லுகிறேன்.) நாலு வருஷத்துக்கு முன்பு முழங்கையின் வெளிப்புறத்தில் ஒரு நோவு தோன்றிற்று. காப்பித் தம்ளரைத் தூக்கினால் வலி. பூட்டில் சாவியைத் திருகினால் வலி. யாராவது அன்பு மிகுதியால் கையைப் பிடித்துக் குலுக்கினால் கண்ணில் ஜலம் வந்துவிடும். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "இதற்கு டென்னிஸ் முழங்கை என்று பெயர்" என்றார். டென்னிஸ் மட்டையை ஆயுளில் தொட்டறியாத தச்சருக்கும், கொத்தனாருக்கும், துணி பிழிகிறவர்களுக்கும்கூட இது வருவதுண்டு என்று சொன்னார். வீட்டில் வந்து இதைச் சொன்னபோது, "துணி பிழிந்து வருவதாயிருந்தால் எனக்கல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்!" என்று என் மனைவி கேட்டாள். அதற்கு என்னிடம் இன்று வரை பதில் இல்லை.

இரண்டு மாதம் தைலம் தேய்த்துப் பார்த்து அலுத்த பின், நானாகவே டாக்டரிடம் ஊசியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். "வலி அடங்கும். ஆனால் இரண்டு வாரம் கைக்கு ஓய்வு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சி, மட்டையைத் தொடுவதெல்லாம் அதற்கப்புறம்தான்" என்று சொன்னதோடு, அதைத் துண்டுச் சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். முதல் நாள் இரவு வலி முன்னைவிட அதிகமாயிருந்தது. மூன்றாம் நாள் காலையில் எழுந்தால், என்ன ஆச்சரியம்! வலி போன இடம் தெரியவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் பார்த்தேன். பூட்டைத் திறந்து பூட்டிப் பார்த்தேன். ஆறாம் நாள் ஆசிரியர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் பந்தயம். துண்டுச் சீட்டு சட்டைப் பையிலேயே இருந்தது. நான் ஆடினேன், நாங்கள் ஜெயித்தோம், எனக்கு மாலைகூடப் போட்டார்கள். ஐந்து வாரம் கழித்து வலி திரும்பி வந்தது. முன்பு தம்ளரைத் தூக்கும்போதுதான் வலித்தது. இப்போது சாக்குக் கட்டியைப் பிடிக்கவே முடியவில்லை. பதினொரு மாதம் இடது கையால் கரும்பலகையில் எழுதினேன். என் கையெழுத்தைப் பற்றி அந்த வருஷத்து மாணவர்கள் இன்னமும் பேசிக்கொள்வதாகக் கேள்வி.

அந்தப் பதினொரு மாதத்தில் எனக்கு வேறு வேலையில்லாத மாலைப் பொழுதுகள் நிறைய இருந்தன. அப்போதுதான் இந்த மருந்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

நம்முடைய சிறுநீரகங்கள் ஒவ்வொன்றின் மேலும் தொப்பி வைத்தாற்போல் ஒரு சிறிய சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அட்ரினல் என்று பெயர். அதன் புறப்பகுதியிலிருந்து ஊறும் சத்துக்களைத் தனித்தனியே பிரித்தெடுக்கும் வேலையில், அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்னும் ஊரிலுள்ள மேயோ வைத்திய நிலையத்தில், எட்வர்டு கெண்டால் என்ற ரசாயன நிபுணர் 1930-க்குப் பின் பல வருஷங்கள் ஈடுபட்டிருந்தார். மாட்டின் சுரப்பிகளைக் குவியல் குவியலாக வாங்கி வடித்தால் மிகச் சொற்பமான பொருளே மிஞ்சும். அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்றுக்கு 'ஈ' என்று எழுத்துப் பெயர் இட்டு வைத்தார். அதே நிலையத்தில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர் இருந்தார். முடக்கு வாதத்தால் மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்த ஒருவருக்கு மஞ்சள் காமாலை கண்டதும் வாத வலி தானே குறைந்துபோனதை அவர் 1929-ல் கவனித்தார். கர்ப்பிணிகளுக்கும் வாத வலி தணிவதைப் பின்னர் கண்டார். உடம்பே ஏதோ ஒரு மருந்தைச் செய்துகொள்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அது எது என்று தேடிக்கொண்டே பத்தொன்பது வருஷம் காத்திருந்தார். இத்தகைய பொறுமை பள்ளிக்கூட வாத்தியார்களுக்குக்கூட இராது.

மாட்டின் பித்த நீரிலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட படிகளில் 'ஈ'யைச் செயற்கையாகச் செய்யும் வழியை மெர்க் கம்பெனியைச் சேர்ந்த லூயிஸ் சாரெட் கண்ட பிறகே, நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்கும் அளவுக்கு மருந்து சேர்ந்தது. 1948 செப்டம்பர் 21-ந் தேதி, படுக்கையில் புரளவும் முடியாமல் கிடந்த இருபத்தொன்பது வயதுப் பெண்மணி ஒருவருக்கு முதல் ஊசி போட்டார்கள். சில தினங்களில் அவர் எழுந்து நடந்தார். ஒரு வாரத்துக்குள் கடைத் தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தார்! உலகமே பிரமித்தது. 1950-ல் ஹென்ச், கெண்டால், ஸ்விட்சர்லாந்தில் இதே ஆராய்ச்சி செய்த ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த 'ஈ'தான் கார்ட்டிஸோன்.

கதையின் மறுபாதியைத்தான் ஜனங்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். மருந்தை நிறுத்தினால் வியாதி திரும்பி வந்தது. நிறுத்தாமல் கொடுத்தால் முகம் பூர்ண சந்திரன் போல் உப்பிற்று, எலும்பு மெலிந்தது, வேறு உபாதைகளும் சேர்ந்தன. இதைக் குணப்படுத்தும் மருந்து என்று சொல்ல வேண்டாமென்று ஹென்ச்சே ஆரம்பத்திலிருந்து எச்சரித்து வந்தார். உடம்பு முழுவதும் பரவுவதால்தானே இத்தனை உபத்திரவம், நோவுள்ள இடத்தில் மாத்திரம் போட்டால் என்ன என்று யோசித்து, 1951-ல் பிலடெல்பியா நகரத்து டாக்டர் ஹாலண்டர் இதன் நெருங்கிய உறவான ஹைட்ரோகார்ட்டிஸோனை மூட்டுக்குள்ளேயே செலுத்தும் முறையை வெளியிட்டார். விளையாட்டு மைதானங்களுக்குள் இந்த மருந்து நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான். இன்று போடுவது பெரும்பாலும் கார்ட்டிஸோனும் அல்ல. அதன் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளுமான வேறு மருந்துகள். பழைய பெயர் மட்டும் குடும்பப் பெயராக நின்றுவிட்டது.

"ஸ்டீராய்டு என்கிறார்களே, அதுவா?" என்று தகப்பனார் இடையில் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். தசையைப் பெருக்குவதற்காகச் சிலர் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு வேறு, இது வேறு. குலம் ஒன்று, குணம் வேறு. ஆயினும் சர்வதேச ஊக்கமருந்துத் தடுப்பு ஸ்தாபனம் 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து, போட்டிக் காலத்தில் இந்த மருந்தை எந்த விதமான ஊசியாகப் போட்டுக்கொள்வதையும் தடை செய்திருக்கிறது. மருத்துவக் காரணத்துக்காக வேண்டுமென்றால் முறைப்படி விலக்குக் கேட்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உடம்பில் அடிபட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கிறதே, அதற்கு அழற்சி என்று பெயர். கார்ட்டிஸோன் அந்த அழற்சியை அடக்குகிறது; அழற்சி அடங்கினால் வலி அடங்கும். ஆனால் அடிபட்ட இடத்தைச் செப்பனிடும் ஆட்களும் அந்த அழற்சியோடேதான் வந்து சேருகிறார்கள். தசையை எலும்போடு பிணைக்கும் கயிற்றுக்குத் தசைநாண் என்று பெயர். (நம் ஜனங்கள் அதையும் நரம்பு என்றே சொல்லிவிடுகிறார்கள்.) அந்த நாணை முறுக்கித் தரும் நார்ச்சத்தைச் செய்கிற அணுக்களின் வேலையை இந்த மருந்து மந்தப்படுத்துகிறது. போதாக்குறைக்கு, மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் டென்னிஸ் முழங்கை போன்ற நோவுகளில் அழற்சி மிகவும் சொற்பம் என்றும், நார்கள் நைந்து ஒழுங்கு குலைந்திருப்பதே பெரிய கோளாறு என்றும் பிற்காலத்து ஆராய்ச்சிகள் காட்டின. நைந்த கயிற்றுக்கு வலியை அடக்கும் மருந்து போட்டால் கயிறு முறுக்கேறிவிடுமா? வலி என்பது வாசலில் கட்டியிருக்கும் நாய். அது குரைப்பது தொந்தரவுதான். அதன் வாயைக் கட்டிவிட்டு, கதவையும் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினேனே, அதுதான் நான் ஆறாம் நாள் செய்த காரியம்.

இதை என் அனுபவம் ஒன்றை வைத்துச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் டென்னிஸ் முழங்கை உள்ள 198 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்துச் சோதித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கூட்டத்துக்கு ஊசி; ஒரு கூட்டத்துக்குப் பயிற்சி வைத்தியம்; மூன்றாவது கூட்டத்துக்கு, "ஜாக்கிரதையாயிருங்கள், தானே போய்விடும்" என்ற புத்திமதி மட்டும். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு 78 பேர் சௌக்கியம்; பயிற்சி செய்தவர்களில் 65; சும்மா இருந்தவர்களில் 27 பேர்தான். ஊசிக்கு அமோக வெற்றி! அத்தோடு புத்தகத்தை மூடியிருந்தால் நானும் ஊசியின் கட்சிதான். ஆனால் அவர்கள் ஒரு வருஷம் முழுவதும் கவனித்தார்கள். ஊசியால் சௌக்கியமடைந்த 65 பேரில் 47 பேருக்கு வலி திரும்பிவிட்டது. வருஷக் கடைசியில் சும்மா இருந்தவர்களே ஊசிக்காரர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். அந்த நகரத்திலேயே 165 பேரை வைத்து நடத்தி 2013-ல் வெளியிட்ட மற்றொரு சோதனையில், மருந்து ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 54 பேருக்கு நோவு திரும்பிற்று; மருந்தில்லாத பொய் ஊசி போட்டவர்களில் 12 பேருக்குத்தான் திரும்பிற்று.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பந்து எறிகிறவனுடைய தோளும் முழங்கையும் படுகிற பாடு கொஞ்ச நஞ்சமல்ல. லாஸ் ஏஞ்ஜல்ஸ் டாட்ஜர்ஸ் கோஷ்டியில் ஸாண்டி கோஃபாக்ஸ் என்று ஓர் இடது கைக்காரர் இருந்தார். 1965-ல் அவருடைய முழங்கையில் வாதம் கண்டுவிட்டது. கார்ட்டிஸோன் ஊசி, வலி மாத்திரை, சூடு ஏற்றும் களிம்பு, ஆட்டம் முடிந்ததும் பனிக்கட்டித் தண்ணீரில் கையை அமிழ்த்துவது என்று இவற்றைக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினார். அந்த வருஷத்து உலகப் பந்தயத்தின் கடைசி ஆட்டத்தில், இடையில் இரண்டே நாள் ஓய்வெடுத்துக்கொண்டு வந்து எறிந்து, எதிரிகளை ஓர் ஓட்டமும் எடுக்க விடாமல் ஜெயித்தார். 1966-ல் 27 ஆட்டங்களில் வெற்றி. அவருடைய ஆயுளிலேயே அதுதான் அதிகம். அதே வருஷம் நவம்பர் மாதத்தில், முப்பது வயதில், ஆட்டத்தை விட்டே விலகிவிட்டார். ஆட்டம் போன பின்னும் வாழ வேண்டிய வருஷங்கள் நிறைய இருக்கின்றன. அப்போது தம் கை தமக்கு வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணத்தின் சாரம். இந்தக் கதையை நான் சொல்லும்போது பையன் முதல் முறையாக வாயைத் திறந்தான். "முப்பது வயசுதானா, ஸார்?" என்றான்.

நம் நாட்டில் டெண்டுல்கரையே எடுத்துக்கொள்ளலாம். 2004-ல் டென்னிஸ் முழங்கை பிடித்துக்கொண்டு, 2005 மே மாதம் லண்டனில் ரண சிகிச்சையில் போய் முடிந்தது. ஐந்து மாதம் மைதானத்தில் காணோம். அக்டோபர் மாதம் நாகபுரியில் திரும்பி வந்து இலங்கைக்கு எதிராக 93 ஓட்டங்கள் அடித்தார். ஐந்து மாதம் காத்திருந்ததால் அவர் ஆட்டம் ஒன்றும் மறந்து போய்விடவில்லை.

இவ்வளவும் சொன்னதால் இந்த ஊசியை விஷம் என்று நான் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். தோள்பட்டை இறுகிப் போய்த் தலைவார முடியாமல் தவிக்கிறவர்களுக்கும், விரல் மடங்கிச் சிக்கிக்கொள்ளும் வியாதிக்கும், திடீரென்று வீங்கி வலிக்கும் மூட்டுக்கும் இது நல்ல உபகாரம் செய்கிறது. வலி குறைந்த அந்த நாட்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொண்டு முழுக் குணமடைந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அடிக்கடி போடலாகாது. ஒரே மூட்டில் வருஷத்துக்கு மூன்று நான்குக்கு மேல் வேண்டாம் என்பது டாக்டர்களின் பொதுவான வழக்கம். முழங்கால் தேய்ந்த 140 பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருஷம் ஊசி போட்டு, 2017-ல் வெளியிட்ட அமெரிக்கச் சோதனை ஒன்றில், வெறும் உப்பு நீர் போட்டவர்களைவிட மருந்து போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகமாகத் தேய்ந்திருந்தது. வலியிலோ இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை.

ஊசிக்குப் பின் ஓய்வு என்றால் என்ன என்பதில்தான் எங்கும் குழப்பம். முதல் சில மணி நேரம் வலியே இல்லாதிருப்பது, கூடவே கலந்து போடும் மரத்துப்போகும் மருந்தின் வேலை. அதை நம்பி எழுந்து ஓடக் கூடாது. பிறகு ஒன்றிரண்டு நாள் வலி அதிகப்படுவதுண்டு. பனிக்கட்டி ஒற்றடம் போதும். அசல் மருந்து வேலை செய்யச் சில நாட்கள் பிடிக்கும். ஏறக்குறைய இரண்டு வாரம், சிலருக்கு இன்னும் அதிகம், அந்த இடத்துக்குப் பாரம் கொடுக்கக் கூடாது. கட்டிலில் படுத்துக் கிடக்க வேண்டும் என்று அர்த்தமல்ல. முழங்காலில் ஊசியானால் வீட்டுக்குள் நடக்கலாம். ஓடவும் குதிக்கவும் குந்தி எழவும் கூடாது. தோளில் ஆனால் சாப்பிடலாம், எழுதலாம்; குடம் தூக்குவதும் பந்து எறிவதும் கூடாது. நீரிழிவுக்காரர்களுக்குச் சில தினங்கள் சர்க்கரை ஏறும். டாக்டரிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட இடம் சில நாள் கழித்துச் சிவந்து வீங்கி, ஜுரமும் கண்டால், அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும், கிருமி புகுந்திருக்கலாம். சிலருக்கு அவ்விடத்துத் தோல் வெளுத்து, சற்றுக் குழி விழுந்தாற்போல் ஆவதும் உண்டு. எங்கள் வீட்டில் என் முழங்கையைக் காட்டி இன்னமும் என்னைக் கேலி செய்கிறார்கள்.

பையனுடைய நோவு இருந்த இடம்தான் எனக்குப் பெரிய கவலையாயிருந்தது. துரியோதனனுக்குத் தொடை, கண்ணபிரானுக்கு உள்ளங்கால், கிரேக்க வீரன் அக்கிலிஸுக்கு மரணம் குதிகாலில். குதிகாலுக்கு மேலே தடித்த கயிறு போல் கைக்குத் தட்டுப்படும் நாணுக்கு மேல்நாட்டார் அவன் பெயரையே வைத்திருக்கிறார்கள். உடம்பிலேயே மிகவும் பலமான நாண் அதுதான். ஓடும்போதும் தாண்டும்போதும் உடம்பின் எடையைப் போலப் பல மடங்கு பாரம் தாங்குவதும் அதுதான். அந்த நாணில் கார்ட்டிஸோன் போடுவதற்குப் பெரும்பாலான டாக்டர்கள் தயங்குகிறார்கள். போட்ட பிறகு நாண் அறுந்துபோனதாக எத்தனையோ பேரின் சரித்திரம் வைத்தியப் பத்திரிகைகளில் பதிவாகியிருக்கிறது. ஒன்பது நாளில் தாண்ட வேண்டிய பையனுக்கு, நாண் மந்தமாயிருக்கிற அதே வாரத்தில் வலியும் தெரியாமல் செய்துவிட்டால்? பலகையை மிதித்து எழும்பும் அந்த ஒரு கணத்தை நினைத்துப் பார்த்தேன்.

மறுநாள் மூவருமாகப் போய் எலும்பு வைத்தியரைப் பார்த்தோம். என் முழங்கைக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தவரேதான். நாணை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "பதினாறு வயசுப் பிள்ளைக்கு இந்த இடத்தில் நான் போட மாட்டேன்" என்றார். தகப்பனார் சிறிது நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்க" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லில் எத்தனை மாதச் சம்பளம் அடங்கியிருந்தது என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பதிலாக டாக்டர் கொடுத்தது ஒரு படிக்கட்டுப் பயிற்சி. ஸ்வீடன் தேசத்து ஆல்ஃபிரட்ஸன் என்ற டாக்டர் 1998-ல் வெளியிட்ட முறை அது. அந்த டாக்டருக்கே குதிநாண் நோவு இருந்ததாம். ரண சிகிச்சை செய்யச் சொல்லித் தம் மேலதிகாரியைக் கேட்க, அவர் மறுத்துவிட்டாராம். நாண் அறுந்துபோனால் சிகிச்சை செய்துதானே ஆக வேண்டும் என்று வீம்புக்குக் குதிகாலைப் பாரத்தோடு இறக்கி இறக்கிப் பயிற்சி செய்தாராம். அறுவதற்குப் பதில் வலி போய்விட்டதாம்! இப்படி ஒரு கதை வழங்குகிறது. படியின் விளிம்பில் முன்னங்காலை ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி ஒரு முறை, மடக்கி ஒரு முறை; காலையும் மாலையும்; நாள் ஒன்றுக்கு 180 தடவை; பன்னிரண்டு வாரம். ஊசியின் அவசரத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

ஜில்லாப் போட்டி அன்று பையன் மணற்குழி ஓரத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் தாண்டிய தூரத்துக்கு அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தான். முதற்பரிசு பெற்றவன் தாண்டிய தூரம், இவன் ஆனி மாதத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் தாண்டியதைவிட அரை ஜாண் குறைவு. அதை அவன் என்னிடம் சொல்லவில்லை. நானே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மாலை, விடைத்தாள் கட்டோடு மாடிப்படி இறங்கி வந்தேன். கீழ்ப்படியில் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதுகில் புத்தகப் பை. அதற்குள் பாரத்துக்காக இரண்டு செங்கல். குதிகால் மெள்ள இறங்கிற்று. "நூற்று நாற்பத்தொன்று... நூற்று நாற்பத்திரண்டு..." என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். எண்ணிக்கை தவறிவிடுமே என்று நான் பேசாமல் ஒதுங்கி நின்றேன்.